கண்ணுக்கு மையிட்ட புறாக்கள்: லகாஷும் உம்மாவும் ஒரு வயலுக்காக மோதிய காலம்

இரண்டு புறாக்களின் கண்களுக்கு மை தீட்டினார்கள். தலைகளைத் தேவதாருவால் அலங்கரித்தார்கள். பிறகு நிப்பூர் நகரிலிருந்த என்லில் தெய்வத்தின் கோயிலை நோக்கிப் பறக்கவிட்டார்கள். போரில் தோற்ற உம்மா நகரத்தின் ஆட்சியாளர் சத்தியம் செய்துகொடுத்தார்: வென்ற லகாஷின் தெய்வமான நின்கிர்சுவின் நிலத்துக்குள் இனி எந்நாளும் கால் வைக்க மாட்டேன், அதன் வாய்க்கால்களைத் திருப்ப மாட்டேன், எல்லைக் கற்களைப் பிடுங்க மாட்டேன்; மீறினால் என்லில்லின் பெரிய வலை உம்மாவின் மேல் விழட்டும். இதே சத்தியத்தை ஆறு தெய்வங்களின் பெயரால் மீண்டும் மீண்டும் சொல்ல வைத்தார்கள். கடைசித் தெய்வத்தின் முறை வந்தபோது வலைக்குப் பதிலாகப் பாம்பு வந்தது. மண்ணுக்குள்ளிருந்து பாம்புகள் புறப்பட்டு உம்மாவின் காலைக் கடிக்கட்டும் என்றார்கள்.

இது கி.மு. 2450 வாக்கில், சுமேர் எனப்படும் இன்றைய தெற்கு ஈராக்கில் நடந்தது. சத்தியம் ஒரு தலைமுறைகூடத் தாங்கவில்லை. உம்மாவில் அடுத்து ஆட்சிக்கு வந்த மகனே அதை மீறினார்.

சுமேரிய நகர அரசுகளைப் பற்றிப் பேசும்போது சக்கரம், எழுத்து, செங்கல் கோபுரம் என்று சாதனைகளை அடுக்குவது வழக்கம். என்னை இழுப்பது அந்த நகரங்களின் சண்டைதான். பெரும்பாலும் ஒரே மொழி, ஒரே எழுத்து, ஏறக்குறைய ஒரே தெய்வங்கள். எல்லோருக்கும் பொதுவாக நிப்பூர் என்னும் புனித நகரம். இத்தனையும் பகிர்ந்துகொண்ட ஊருக், ஊர், லகாஷ், உம்மா, அதாப், கிஷ் ஆகிய நகரங்கள் கி.மு. 2900 முதல் 2350 வரை ஒரே நாடாகச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதை லகாஷ், உம்மா என்ற இரு அண்டை நகரங்களின் எல்லைத் தகராறு காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டவில்லை. எல்லைச் சண்டை ஒன்றின் வரலாற்றை, முந்தைய தலைமுறைகளின் கதையோடு கோத்து எழுதிவைத்த மிகப் பழைய ஆவணங்கள் இந்தத் தகராறைப் பற்றியவைதாம்.

(ஊர் என்ற பெயரைக் கண்டதும் நமக்கெல்லாம் ஒரு துள்ளல் வரும். அந்த நகரத்தின் சுமேரியப் பெயர் 'உரிம்'. சுமேரிய மொழிக்கு உறவு மொழி எதுவும் இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாடுவது அவர்களுக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை.)

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளின் கீழ்ப்பகுதியில் மழையை நம்பிப் பயிர் வைக்க முடியாது. ஆற்றிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், கடைசியில் வயல் என்று நீரை இழுத்துக்கொண்டு வந்தால்தான் பார்லி விளையும். உம்மா தலைமடை, லகாஷ் கடைமடை. இந்த ஒரு வரி போதும், பாசனம் தெரிந்தவர்களுக்கு மிச்சக் கதை புரிந்துவிடும். மேலே இருப்பவன் மதகை அடைத்தால் கீழே இருப்பவனின் வயல் காயும். மேலே இருப்பவன் உடைத்துவிட்டால் கீழே இருப்பவனின் வயல் மூழ்கும். இரு நகரங்களுக்கும் நடுவே குஎதின்னா என்ற வளமான நிலப்பரப்பு இருந்தது. சமவெளியின் விளிம்பு என்று அதற்குப் பொருள். விளைநிலமும் மேய்ச்சலும் கலந்த அந்தப் பரப்புக்காகத்தான் தலைமுறை தலைமுறையாக ரத்தம் சிந்தினார்கள்.

லகாஷ் என்பது ஒற்றை நகரம் அன்று. கிர்சு, லகாஷ், நிகின் என்ற மூன்று நகரங்களும் சுற்றியிருந்த ஊர்களும் சேர்ந்த அரசு அது. அதன் தெய்வம் நின்கிர்சு, 'கிர்சுவின் தலைவன்'. உம்மாவின் தெய்வம் ஷாரா. இங்கேதான் நமக்குப் பழக்கமில்லாத ஒரு நினைப்பு குறுக்கே வருகிறது. நகரமும் நிலமும் தெய்வத்தின் சொத்து. 'என்சி' எனப்பட்ட ஆட்சியாளர் அந்தச் சொத்தின் காரியக்காரர் மட்டுமே. 'லூகல்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் 'பெரிய ஆள்'. அரசன் என்ற பொருளில் அதை வழங்கினார்கள். பட்டம் எதுவானாலும் வயல் அவருடையது இல்லை. ஆகவே எல்லைத் தகராறு இரண்டு அரசர்களுக்கு நடுவே நடப்பதாக அவர்கள் எழுதவே இல்லை. நின்கிர்சுவுக்கும் ஷாராவுக்கும் வழக்கு, அவ்வளவுதான்.

லகாஷின் ஆட்சியாளர் என்மெதேனா கி.மு. 2400 வாக்கில் எழுதவைத்த களிமண் கூம்பு ஒன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 27 சென்டிமீட்டர் உயரம். மேற்பரப்பு முழுவதும் கோடு கிழித்து, கட்டம் பிரித்து, ஆணி வடிவ எழுத்தால் நெருக்கமாக நிரப்பியிருக்கிறார்கள். அதன் தொடக்கம் ஒரு நிலப்பத்திரத்தின் தொடக்கம் போலவே இருக்கிறது. எல்லா நாடுகளின் அரசரும் எல்லாத் தெய்வங்களின் தந்தையுமான என்லில், தம் உறுதியான சொல்லால் நின்கிர்சுவுக்கும் ஷாராவுக்கும் எல்லை வகுத்தார். கிஷ் நகர அரசர் மெசிலிம், நீதித் தெய்வமான இஷ்தரானின் ஆணைப்படி கயிறு பிடித்து அளந்து அங்கே கல் நட்டார். அந்தக் கல்லை உம்மாவின் ஆட்சியாளர் உஷ் பிடுங்கி எறிந்துவிட்டு லகாஷ் சமவெளிக்குள் புகுந்தார். இப்படித் தொடங்கி, யார் எப்போது எந்தக் கல்லைப் பிடுங்கினார், யார் திரும்ப நட்டார் என்று வரிசையாகப் போகிறது. போர்க் காவியம் எதிர்பார்த்துப் போகிறவருக்கு வழக்கு மனு கிடைக்கும்.

மெசிலிம் இரு நகரங்களுக்கும் சொந்தக்காரர் இல்லை. வடக்கே தள்ளியிருந்த கிஷ் நகரத்தின் அரசர். அவர் வந்து அளந்து கொடுத்ததை இருவரும் ஒருகாலத்தில் ஏற்றிருக்கிறார்கள். பின்னாளில் பெரிய அரசர்கள் தாங்கள் கிஷ்ஷை ஆளாவிட்டாலும் 'கிஷ்ஷின் அரசர்' என்று பட்டம் போட்டுக்கொண்டதற்கு இந்த நடுவர் அதிகாரத்தின் மணமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மெசிலிமின் தீர்ப்புக்குப் பின்னால் நிரந்தரப் படை இல்லை. கல்லைக் காக்க ஆள் இல்லாதபோது அது வெறும் கல்.

மெசிலிமுக்குப் பிறகு லகாஷில் ஊர்-நான்ஷே ஒரு புதிய அரச மரபைத் தொடங்கினார். தலையில் செங்கல் கூடை சுமந்து, மனைவி மக்கள் சூழக் கோயில் கட்டுகிறவராகத் தம்மைச் செதுக்கிக்கொண்டவர் அவர். அவருடைய பேரன் இயன்னாதும்தான் புறாக்களைப் பறக்கவிட்டவர். தம் வெற்றியை அவர் 1.8 மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கவைத்தார். பிரெஞ்சு அதிகாரி எர்னஸ்ட் த சார்செக், 1877இல் தொடங்கி, கிர்சு இருந்த இடத்தில் தோண்டியபோது அதன் உடைந்த துண்டுகள் கிடைத்தன. வெட்டுண்ட தலைகளைக் கழுகுகள் கவ்விப் பறக்கும் காட்சி அதில் இருப்பதால் 'கழுகுக் கல்' என்று பெயர் நிலைத்தது.

அந்தக் கல்லின் ஒரு முகத்தில் மனிதர்கள். தலைக்கவசம் அணிந்த வீரர்கள் கேடயத்தோடு கேடயம் ஒட்டிச் சுவராக நிற்கிறார்கள்; கேடயங்களின் இடுக்கில் ஈட்டிகள் வரிசையாக நீள்கின்றன; காலடியில் உம்மாக்காரர்களின் உடல்கள். முன்னால் இயன்னாதும் நடக்கிறார். மறு முகத்தில் நின்கிர்சு, மலைபோல் பெரிதாக. அவர் கையில் வலை. வலைக்குள் மீன்களைப் போல நெருங்கிக் கிடக்கும் கைதிகள். வலைக்கண்ணில் தலையை நீட்டிய ஒருவனின் மண்டையில் தெய்வத்தின் கதாயுதம் இறங்குகிறது. ஒரே போர், இரண்டு கணக்கு. மனிதர்கள் போரிட்ட முகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெய்வம் போரிட்ட முகத்தில் துணைக்குப் படையே தேவைப்படவில்லை. இரண்டும் உண்மை என்று நம்பிய மனம் அது.

கல்லில் உள்ள எழுத்து இயன்னாதுமின் பிறப்பையும் சொல்கிறது. நின்கிர்சுவே அவரைக் கருவில் வைத்தார். நின்ஹுர்சக் தாய்த்தெய்வம் பாலூட்டினாள். நின்கிர்சு தம் கையால் அளந்து பார்த்தபோது ஐந்து முழமும் ஒரு சாணும் இருந்தார். முழம், சாண் என்று கையை வைத்து அளக்கும் அதே அளவைகள்தாம். அப்பேர்ப்பட்டவரை யாரோ எய்த அம்பு தைத்ததையும் அதே கல் மறைக்காமல் சொல்கிறது. எதிரிகளின் 3,600 பிணங்கள் வானத்தின் அடியைத் தொட்டன என்கிறது. 60-ஐ அடிப்படையாகக் கொண்டு எண்ணிய அவர்களுக்கு 60 பெருக்கல் 60 என்பது 'எண்ணிலடங்காத' என்பதற்கான முழு எண். அதைப் பிணக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வென்றபின் இயன்னாதும் செய்த உடன்பாடுதான் விஷயத்தின் நடுமையம். உம்மாவின் ஆட்சியாளர் எனக்கல்லேயோடு எல்லையை மறுபடி வகுத்தார். எல்லை வாய்க்கால் வெட்டினார். மெசிலிமின் கல்லைப் பழைய இடத்திலேயே நிறுத்தினார். நின்கிர்சுவின் நிலத்தில் 215 நிந்தன், அதாவது ஏறக்குறைய 1,290 மீட்டர் அளவை, உம்மாவின் பக்கம் விட்டு, இருவருக்கும் உரிமையில்லாத இடைநிலமாக்கினார். அதோடு உம்மாக்காரர்கள் லகாஷின் தெய்வங்களுக்குரிய பார்லியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கடனாக, வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று ஏற்பாடு. கடன் ஒரு கூரு பார்லி; கூரு என்பது தானியத்துக்கான அவர்களின் பேரளவை. வட்டி ஏறியது, வட்டிக்கு வட்டி ஏறியது. என்மெதேனா காலத்தில் நின்ற தொகை, இன்று பெரும்பாலோர் ஏற்கும் வாசிப்பின்படி, 86,40,000 கூரு. கூட்டு வட்டிக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. எந்த நகரமும் எந்தக் காலத்திலும் அடைக்க முடியாத தொகை. லகாஷுக்கு அது தெரியாமலா இருக்கும்? அடைபடாத கடன் இருக்கும்வரை அடுத்த போருக்கு நியாயம் கையிலேயே இருக்கும். இயன்னாதும் விட்டுக்கொடுத்தது போலத் தோன்றும் ஏற்பாட்டில் பகையின் விதையும் இருந்தது.

எனக்கல்லேயின் மகன் ஊர்-லும்மா கடனைக் கட்டவில்லை. எல்லை வாய்க்கால்களின் நீரைத் திருப்பினார். எல்லைக் கற்களுக்குத் தீ வைத்தார். எல்லையில் இருந்த தெய்வங்களின் சன்னிதிகளை இடித்தார். இயன்னாதுமின் தம்பி எனன்னாதும் அவரோடு மோதினார். முடித்தவர் எனன்னாதுமின் மகன் என்மெதேனா. ஊர்-லும்மா வாய்க்கால் கரையில் 60 கழுதை அணிகளைக் கைவிட்டு ஓடினார்; அவருடைய ஆட்களின் எலும்புகள் சமவெளியெங்கும் சிதறிக் கிடந்தன; தம் உம்மா நகருக்குள்ளேயே அவர் கொல்லப்பட்டார். அடுத்து உம்மாவைப் பிடித்தவர் இல் என்பவர், சபலாம் கோயிலின் நிர்வாகி. அவரும் வாய்க்கால்களின் நீரைத் திருப்பினார். கடனில் 3,600 கூரு மட்டும் கொடுத்தார். எல்லை வாய்க்கால் எனக்கே சொந்தம் என்று அவர் சொன்னதாகக் கூம்பு சொல்கிறது. அவருக்கு அது கொடுக்கும் அடைமொழி 'வயல் திருடன்'.

என்மெதேனா இதைப் படையால் மட்டும் எதிர்கொள்ளவில்லை. டைகிரிஸிலிருந்தே எல்லை வாய்க்காலை வெட்டினார். தலைமடைக்காரனின் தயவில் வாழ வேண்டிய நிலையிலிருந்து விடுபட அதைவிட நல்ல வழி இல்லை. டைகிரிஸ் நீர் தாராளமாகப் பாய்ந்ததால் நிலத்தடி நீர் உயர்ந்து உப்பு மேலேறி, நாளடைவில் வயல்கள் களராகின, கோதுமை போய் உப்பைத் தாங்கும் பார்லி மட்டும் நின்றது என்று 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு கருத்து வலுவாக முன்வைக்கப்பட்டது. அதை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. தெற்கு மெசபத்தேமியாவின் உழவர்கள் உப்போடு மல்லுக்கட்டியது உண்மை. அந்தப் பழியை ஒரே வாய்க்காலின் தலையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே என்மெதேனா ஊருக் அரசரோடு 'சகோதர' உடன்பாடும் செய்துகொண்டார். அண்டை வீட்டுக்காரனோடு பகை என்றால் அதற்கு அடுத்த வீட்டுக்காரனோடு உறவு என்ற கணக்கு அன்றே இருந்திருக்கிறது.

இதுவரை சொன்னது எல்லாம் லகாஷின் வாக்குமூலம். இதை மறந்தால் இந்த வரலாற்றைப் படிப்பதில் பொருளில்லை. கிர்சுவில் தோண்டியதால் லகாஷின் குரல் கிடைத்தது. உம்மாவிலிருந்து வந்த எழுத்துகள் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்தில் ஒன்று பொன் போன்றது. உம்மாவின் பின்னாளைய ஆட்சியாளர் கிஷ்ஷாகிது, ஷாராவின் எல்லையை இடம் இடமாகப் பெயர் சொல்லி விவரித்துவிட்டு, பழைய கற்கள் நின்ற இடத்திலேயே கற்களை மீண்டும் நிறுத்தியதாக எழுதவைத்திருக்கிறார். எல்லையைக் காத்தவர்கள் தாங்கள்தாம் என்றே இரு தரப்பும் சொல்கின்றன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் என்மெதேனாவின் எல்லைத் தூண் ஒன்றில், எழுத்தர் நின்கிர்சுவின் பெயரை அழகாகச் செதுக்கிவிட்டு, உம்மாவின் தெய்வத்தின் பெயரை வேண்டுமென்றே கிறுக்கலாகச் செதுக்கியிருப்பதாக அதைப் படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்த உளியின் கோபம் 4,400 ஆண்டுகளுக்குப் பிறகும் கல்லில் இருக்கிறது.

பகை ஓயாத அதே லகாஷில்தான் உள்ளே இன்னொரு தகராறும் முற்றிக்கொண்டிருந்தது. கி.மு. 2350-ஐ ஒட்டி ஆட்சிக்கு வந்த உருஇனிம்கினா, முன்பு உருகாகினா என்று வாசிக்கப்பட்டவர், தமக்கு முன் நடந்த அக்கிரமங்களைப் பட்டியலிட்டார். தெய்வத்தின் மாடுகள் ஆட்சியாளரின் வெங்காயப் பாத்திகளை உழுதன; தெய்வத்தின் நல்ல வயல்களிலேயே அந்தப் பாத்திகள் இருந்தன. சாவு வீட்டில் சடங்கு செய்ய வந்தவர் ஏழு குடம் பீரும் 420 ரொட்டியும் இன்னும் பலவும் வாங்கிப் போனார். இனி மூன்று குடம், 80 ரொட்டி போதும் என்று குறைத்தார். விதவையையும் அனாதையையும் வலியவனிடம் ஒப்படைக்க மாட்டேன் என்று நின்கிர்சுவிடம் உறுதி கொடுத்தார். இதைப் படிக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் ஆட்சியாளரின் மனைவி நிர்வகித்து வந்த 'பெண் இல்லம்' என்ற பெரும் பண்ணை இவர் காலத்தில் 'பாவு தெய்வத்தின் இல்லம்' என்று பெயர் மாறியபோது, அதை நிர்வகித்தவர் இவருடைய மனைவி ஷாஷா. அங்கிருந்து கிடைத்த 1,000-க்கும் மேற்பட்ட கணக்குப் பலகைகளில் பார்லிப் படியும் மீனும் முன்போலவே பதிவாகின்றன. நிலம் தெய்வத்துக்குத் திரும்பியது என்பதை இதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அவருடைய ஆட்சி பத்து ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. உம்மாவிலிருந்து லூகல்-சாகேசி வந்தார். எந்தெந்தக் கோயிலுக்குத் தீ வைத்தார், எங்கெங்கே வெள்ளியையும் நீலமணிக் கல்லையும் அள்ளினார் என்று சன்னிதி சன்னிதியாக ஒரு களிமண் பலகை ஒப்பாரி வைக்கிறது. நின்கிர்சுவின் வயல்களில் விளைந்து நின்ற பார்லியை அவர் பிடுங்கியது கடைசியாக வருகிறது. பிறகு அந்தப் பலகை சொல்கிறது: உம்மாக்காரன் நின்கிர்சுவுக்கு எதிராகப் பாவம் செய்தான், இதில் கிர்சுவின் அரசர் உருஇனிம்கினாவின் குற்றம் எதுவும் இல்லை, லூகல்-சாகேசியின் பாவத்தை அவருடைய தெய்வம் நிசாபாவே சுமக்கட்டும். நகரம் எரிந்து கிடக்கும்போதும் வழக்கை விடவில்லை. மேல்முறையீட்டைத் தெய்வத்திடம் வைத்துவிட்டு நிற்கிறார்கள்.

லூகல்-சாகேசி ஊருக்கைத் தலைநகராக்கி, கீழ்க்கடலான பாரசீக வளைகுடாவிலிருந்து மேல்கடலான மத்தியதரைக் கடல் வரை என்லில் தமக்கு வழி திறந்துவிட்டதாக எழுதினார். ஆனால் அவர் அடக்கியதாகச் சொன்ன நகரங்கள் அவரவர் ஆட்சியாளர்களோடு, அவரவர் மதில்களோடு அப்படியே இருந்தன. அதை உடைத்தவர் வடக்கேயிருந்து வந்த, சுமேரியரல்லாத, அக்காடிய மொழி பேசிய சர்கோன். அவர் 34 போர்களில் வென்றதாகவும், லூகல்-சாகேசியைக் கழுத்துக் கட்டையில் பூட்டி நிப்பூரில் என்லில் கோயிலின் வாசலுக்கு இழுத்து வந்ததாகவும் அவருடைய கல்வெட்டுகள் சொல்கின்றன. ஊருக்கின் மதிலை இடித்தார், ஊர் நகரின் மதிலை இடித்தார். லகாஷ் வரை போய்க் கடலில் ஆயுதங்களைக் கழுவினார். பிறகு உம்மாவின் மதிலையும் இடித்தார். தினமும் 5,400 பேர் தம் முன் உணவு உண்டதாக அவர் பெருமைப்பட்டார். மெசிலிமிடம் இல்லாதது சர்கோனிடம் இருந்தது: எப்போதும் பக்கத்தில் சோறு தின்னும் படை. தெற்கு நகரங்களுக்கு அவர் அக்காடியரை ஆளுநராக அமர்த்தினார். தம் மகள் என்ஹேதுவன்னாவை ஊர் நகரின் நிலவுத் தெய்வத்துக்குத் தலைமைப் பூசாரியாக்கினார்.

நகரங்கள் இதற்கு மனதாரப் பணியவில்லை. சர்கோனின் மகன்கள் காலத்திலும், பேரன் நராம்-சின் காலத்திலும் கூட்டாகக் கிளர்ந்தெழுந்தன. ஆனாலும் ஒரு பேரரசு எல்லா நகரங்களுக்கும் மேலே இருக்கலாம் என்ற எண்ணம் மண்ணில் விழுந்துவிட்டது. பின்னாளில், அரசாட்சி வானத்திலிருந்து இறங்கி நகரம் நகரமாக மாறி வந்ததாகச் சொல்லும் சுமேரிய அரசர் பட்டியல் தொகுக்கப்பட்டபோது, ஒவ்வொரு காலத்திலும் ஒரே ஒரு நகரமே ஆண்டது என்று அதில் எழுதினார்கள். கிஷ் இருக்கிறது, ஊருக் இருக்கிறது, ஊர் இருக்கிறது. கழுகுக் கல்லை நட்ட லகாஷின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

கி.மு. 2100-ஐ ஒட்டி ஊர் நகரின் மூன்றாம் அரசமரபு தெற்கு முழுவதையும் ஆண்டபோது, உம்மாவும் கிர்சுவும் ஒரே அரசின் இரு அண்டை மாகாணங்கள். இரண்டிலிருந்தும் பல்லாயிரக்கணக்கான கணக்குப் பலகைகள் கிடைத்திருக்கின்றன. எந்த மதகில் எத்தனை ஆட்கள், வாய்க்காலில் எத்தனை நாள் மண் வெட்டினார்கள், யாருக்கு எத்தனை படி பார்லி கூலி என்று எழுத்தர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்.